தேவாலாவுக்குச் செய்தி வாசித்தவள்

தேவாலா பஜாரில் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கேபிள் ஆபீசுக்குக் கலைமதி முதன்முதலாகப் போனது சண்டை போடத்தான். அப்போது அவளுக்கு இருபது வயது. ஆடி மழை விடாமல் பெய்து, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகிற கேபிள் எங்கேயோ அறுந்து கிடந்தது. ஆள் வரும், ஆள் வரும் என்று சொன்னார்களே தவிர யாரும் வரவில்லை. "நீ போய்க் கேட்டுட்டு வா புள்ள, ஒனக்குத்தான் பேச வரும்" என்று அப்பா சுடலை அவளை அனுப்பினார்.

கேபிள்காரர் லிங்கசாமி காரமடைக்காரர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலையேறி வந்து, பஜாருக்குப் பின்னால் இருந்த மேட்டில் வண்டிச் சக்கரத்தைவிடப் பெரிய டிஷ் ஒன்றை நிறுத்தியவர். அதற்கு முன்னால் தேவாலாவில் டிவி என்றால் ஆண்டெனாவை ஒருவர் திருப்பிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து இன்னொருவர் "வருது, வருது, போச்சு" என்று கத்துவதுதான். லிங்கசாமி கறுப்பு வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, காலெல்லாம் அட்டை கடிக்க, சில்வர் ஓக் மரங்கள் மேல் இழுத்து இழுத்து ஒவ்வொரு லைனுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் நேரில் வந்து வயரை மாட்டிவிட்டுப் போன வீடுகளில் அவருக்குப் பால் விடாத கட்டஞ்சாயா நிச்சயம் உண்டு.

அன்றைக்கு அவர் காய்ச்சலோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்த மழையில எந்த மரத்துல போய் ஏறச் சொல்ற அம்மணி?"

"ஏற வேணாம்ணே. என்னைக்கு வரும்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எல்லா வீட்லயும் டிவிய துணி போட்டு மூடி வெச்சிருக்கோம். ஒரு வாரம் ஆகும்னா ஒரு வாரம் காத்திருப்போம். ஒண்ணுமே சொல்லாம இருக்கீங்க பாருங்க, அதுதான் எரிச்சலா இருக்கு."

லிங்கசாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மூலையில் மூன்று கால் ஸ்டாண்டில் நின்ற கல்யாண வீடியோ கேமராவைக் காட்டினார்.

"ஒரு வார்த்த சொல்லச் சொன்னியே, வெள்ளிக்கெழமைக்குள்ள வரும்னு நீயே அதப் பாத்துச் சொல்லு."

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். மழையால் கேபிள் அறுந்திருக்கிறது, மழை விட்டதும் சரிசெய்ய ஆள் வரும், வரும் வெள்ளிக்கிழமைக்குள் படம் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. கேபிள் அறுபடாத வீடுகளில் எல்லாம் அது சாயந்தரம் ஒளிபரப்பானது, வாய்வழியாக லைன்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஆபீசுக்கு வந்தவர்கள் திட்டவில்லை. யார் அந்தப் புள்ளை என்று கேட்டார்கள். லிங்கசாமி ஏற்கெனவே கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா என்று எடுத்ததையெல்லாம் ஓட்ட ஒரு லோக்கல் சேனல் வைத்திருந்தார். 'மலைச்சாரல் டிவி' என்று பெயர். அதில் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் ஊர்ச் செய்தி வாசிக்கக் கலைமதியைக் கூப்பிட்டார்.

அவள் பிளஸ் டூ முடித்துவிட்டு எஸ்டேட்டில் தற்காலிகமாகத் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் பள்ளியில் படிக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். அப்பா ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் இடத்தில் வேலை பார்த்தார். அண்ணன் செல்லக்கண்ணு ஜீப் ஓட்டினான். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் டிவியில் வருவாள் என்று யாரும் நினைத்ததில்லை, அவள் உட்பட.

முதல் நாள் வாசிப்பை லைனில் எல்லோரும் ஒரே வீட்டில் கூடிப் பார்த்தார்கள். சுவரில் ஆணியடித்து மாட்டிய நீலத் துணி, ஒரு பிளாஸ்டிக் மேசை, அதற்குப் பின்னால் இரவல் புடவையில் கலைமதி. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் அவள் குரலோடு சேர்ந்தே வந்தது. சுடலை சத்தத்தை முழுக்கத் திருகி வைத்துவிட்டு, முடிகிற வரைக்கும் யாரையும் பேச விடவில்லை. அவள் வீட்டுக்கு வந்ததும் "சோறு போட்டு வெச்சிருக்கேன்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அடுத்த நாள் ஃபேக்டரியில் அவர் ஷிப்டு மாற்றிக் கேட்டார் என்று பிறகு தெரிந்தது. சாயந்தரம் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக.

கலைமதி வாசித்தது பெரிய செய்தி ஒன்றும் இல்லை. நாளைக்குக் கரண்ட் இருக்காது. ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கிறது. நாடுகாணி அருகே மண் சரிந்து கூடலூர் பஸ் சுற்றிப் போகிறது. நெற்றியில் வெள்ளைப் புள்ளி உள்ள கறவை மாட்டைக் காணவில்லை. இன்னாருடைய தாயார் இறந்துவிட்டார், நாளை காலை எடுக்கிறார்கள். சாவுச் செய்தி வாசிக்கும்போது மட்டும் அவள் பேப்பரைப் பார்க்க மாட்டாள். பெயரையும் ஊரையும் மனப்பாடம் செய்துகொண்டு நேராகப் பார்த்துச் சொல்வாள். வாசித்து முடித்த கையோடு ஆபீஸ் போன் அடிக்க ஆரம்பிக்கும். எந்தப் பாட்டி, எந்த லைன், எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே யானை. வனத்துறை வாச்சர் சுஜித் சாயந்தரமானால் போன் செய்வான். எந்த நம்பர் தேயிலைக் காட்டில் எத்தனை நிற்கிறது, குட்டி இருக்கிறதா, ஒற்றைக் கொம்பனா என்று சொல்வான். அதைச் செய்தியின் கடைசியில் இரண்டு தடவை நிறுத்தி வாசிப்பாள். பிறகு படத்துக்குக் கீழே அந்த வரி இரவு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தை மாதம் அவள் பதிமூன்றாம் நம்பர் காட்டில் கூட்டம் நிற்கிறது என்று வாசித்தாள். மறுநாள் காலையில் கொழுந்து பறிக்கப் பிரட்டில், ஆளெண்ணும் வரிசையில், நின்ற பெண்கள் ஒருவரும் அந்தப் பக்கம் இறங்க மறுத்துவிட்டார்கள். கங்காணி கத்திப் பார்த்தார். வெயில் ஏறியதும் மூடுபனி விலகியது. செடிகளுக்கு நடுவே குட்டியோடு ஏழெட்டு யானைகள் நின்றதைக் கங்காணியும் பார்த்தார். அந்த வாரம் பஜாரில் கலைமதியால் நடக்க முடியவில்லை. ஆளாளுக்கு நிறுத்திப் பேசினார்கள். மாடிப்படிக்குக் கீழே தையல் கடை வைத்திருந்த மலையாளப் பெண் லிஜி, "கலைச்சேச்சி, நிங்கள் இப்போ பெரிய ஆளாயிட்டீங்க கேட்டோ" என்று சிரித்து, ஒரு ரவிக்கையைத் துணியோடு சும்மாவே தைத்துக் கொடுத்தாள்.

தேவர்சோலையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன் நல்ல மாதிரி. எல்லாம் கூடி வந்த நேரத்தில் பையனின் அம்மா, "கல்யாணத்துக்கப்புறம் டிவில மூஞ்சி காட்றது வேணாம். ஊரே பாக்குது" என்றார். கலைமதி யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். யோசித்தும் பார்த்தாள். கடைசியில் வேண்டாம் என்றாள். அண்ணன் குதித்தான். சுடலை மட்டும், "அதுக்கு வேணாம்னா வுடு" என்றார். அதற்குப் பிறகும் இரண்டு இடம் வந்து, இதே பேச்சு, இதே பதில். பிறகு வருவது நின்றுபோயிற்று. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. லைன் வீட்டில் இடம் போதவில்லை. அவள் பஜாரிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினாள். அப்போது அது அவளுக்குக் குறையாகத் தெரியவில்லை. சாயந்தரமானால் அத்தனை வீட்டுக்குள்ளும் போகிறவளுக்குத் தனிமை எங்கிருந்து வரும்?

பிறகு பெட்டி வந்தது. இனிமேல் செட்டாப் பாக்ஸ் இல்லாமல் எந்த வீட்டிலும் படம் தெரியாது என்று ஆனது. லிங்கசாமியின் டிஷ்ஷுக்கு வேலை போயிற்று. கோயம்புத்தூரில் எங்கேயோ ஒரு கட்டடத்திலிருந்து எல்லாச் சேனலும் கட்டாக வந்து சேர்ந்தது. அவர் அதை வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கிற ஆள் மட்டும்தான்.

"நம்ம சேனலு?" என்று கலைமதி கேட்டாள்.

"இருக்குது அம்மணி. கடைசில போட்டிருக்கறாங்க. பாட்டுச் சேனலு, சாமிச் சேனலு, சாமான் விக்கற சேனலு, எல்லாம் முடிஞ்சு அதுக்குப் பொறகு."

"அவ்வளவு தூரம் யாருண்ணே வருவா?"

லிங்கசாமி செட்டாப் பாக்ஸ்கள் வந்த அட்டைப் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

முன்னால் டிவியைப் போட்டு நான்கு தடவை பட்டனை அமுக்கினால் மலைச்சாரல் வந்துவிடும். வேண்டுமென்று யாரும் தேடிப் பார்த்ததில்லை. போகிற வழியில் கண்ணில் பட்டது, நின்று பார்த்தார்கள். இப்போது மூன்று இலக்க எண் ஒன்றை நினைவு வைத்து அழுத்த வேண்டியிருந்தது. சுடலைக்கு அது வரவில்லை. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மருமகள் அடுப்பிலிருந்து வந்து போட்டுக் கொடுத்தால் உண்டு.

அடுத்த வருடம் செல்லக்கண்ணு கூரையில் சின்னக் குடை ஆண்டெனா மாட்டினான். மழைக்கு அறுந்து போகாது, கிரிக்கெட் எல்லாம் தெளிவாக வருகிறது என்று லைனில் பாதிப் பேர் மாட்டியிருந்தார்கள். அதில் லோக்கல் சேனல் என்பதே கிடையாது. தங்கை செய்தி வாசிக்கிற சேனல் வராதே என்று அவன் நினைத்துப் பார்த்தானா, தெரியாது. நினைத்தும் மாட்டியிருக்கலாம். அவன்மேல் தப்புச் சொல்லவும் முடியாது. சொந்தமாக ஒரு டிவி வாங்கி, அதில் என்ன வர வேண்டும் என்று தீர்மானிக்க அவனுக்கு உரிமை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த கலைமதியிடம் சுடலை கேட்டார்: "ஒன்ன காணோமே புள்ள. வேலைய விட்டுட்டியா?"

"இல்லப்பா, வாசிக்கிறேனே."

"இதுல வரலியே."

அவள் கூரையைக் காட்டி விளக்கினாள். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை சாயந்தரம் அவர் பஸ் ஏறிப் பஜாருக்கு வந்து, கம்பியைப் பிடித்து மெல்ல மாடிப்படி ஏறி, ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். லிங்கசாமி ஒரு ஸ்டூலைக் கேமராவுக்குப் பின்னால் போட்டார். கலைமதி வாசித்து முடிக்கும்வரை சுடலை இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, டிவி பார்ப்பதைப் போலவே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எழுந்து, "சரி, நான் வாரேன்" என்று கடைசி பஸ்ஸுக்குப் போனார். பல சனிக்கிழமைகள் அப்படி வந்தார். முழங்கால் வலி அதிகமாகிப் படியேற முடியாமல் போனதும் அது நின்றது.

கொரோனா காலத்தில் ஊரே வீட்டுக்குள் கிடந்தது. இப்போதாவது எல்லோரும் பார்ப்பார்கள் என்று கலைமதி எண்ணினாள். எந்தக் கடை எப்போது திறக்கும், எங்கே தடுப்பூசி என்று தொண்டை வலிக்க வாசித்தாள். ஆனால் அந்த இரண்டு வருடத்தில்தான் எல்லார் கைக்கும் நல்ல போன் வந்து சேர்ந்தது. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கியது, வகுப்பு முடிந்தும் கையை விட்டுப் போகவில்லை. ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு மூலையில் நான்கு படம் பார்த்தார்கள். கேபிளை வேண்டாம் என்று நிறுத்தியவர்கள் காரணம் கூடச் சொல்லவில்லை. லிங்கசாமி போய் வயரைக் கழற்றும்போது, "வெச்சாலும் யாருங்க பாக்கறாங்க?" என்பார்கள். கட்டஞ்சாயா கொடுப்பதும் நின்றுபோயிருந்தது. லிஜி தையல் கடையை மூடிவிட்டுப் புருஷனோடு பெருந்தல்மன்னாவுக்குப் போய்விட்டாள்.

யானைச் செய்திக்காகச் சுஜித்தும் கலைமதியும் சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தார்கள். முதலில் நன்றாகத்தான் போனது. பிறகு அதில் காலை வணக்கம் ரோஜாப்பூ வந்தது. கட்சிச் சண்டை வந்தது. வேறு ஏதோ மாநிலத்தில் யானை ஒரு காரைப் புரட்டுகிற வீடியோவை 'நம்ம தேவாலாவில், இன்று காலை' என்று ஒருவர் போட, ஊரே அலறியது. அது பொய் என்று கலைமதி எழுதினாள். அவள் எழுதியதற்குக் கீழே அதே வீடியோவை இன்னொருவர் மறுபடி போட்டார். குரூப்பின் சத்தத்தை அணைத்து வைத்தவர்கள் பலர். அவள் குரலில் பதிவு செய்து போட்டதை யாரும் அழுத்திக் கேட்பதில்லை என்று புரிந்ததும், எழுதியே போட ஆரம்பித்தாள். அதை ஆளாளுக்கு எடுத்து வேறு வேறு குரூப்புக்கு அனுப்பினார்கள். போகப்போக அது யார் சொன்னது என்பதே இல்லாமல் ஆயிற்று.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசியில் ஒரு சாயந்தரம் சுஜித் போன் செய்தான். அவன் குரலில் வழக்கமான நிதானம் இல்லை.

"அக்கா, ஒத்தக் கொம்பன் ஓடையத் தாண்டி உங்க லைன் பக்கம் வந்திட்டு இருக்கு. மதத்துல இருக்குற மாதிரி தெரியுது. காலைல யாரும் வெளிய எறங்க வேணாம்னு சொல்லுங்க."

அவள் செய்தியில் மூன்று தடவை வாசித்தாள். கீழே ஓடும் வரியில் போட்டாள். குரூப்பில் எழுதினாள். அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் கூடலூர் சவாரி போய்த் திரும்பிக்கொண்டிருந்தான், நாடுகாணி வளைவுகளில் டவர் கிடைக்கவில்லை. அண்ணியின் போன் அடித்தது, எடுக்கவில்லை. ஆனால் குரூப்பில் போட்டதை அண்ணி பார்த்துவிட்டாள் என்று போனில் காட்டியது. கலைமதிக்கு அது போதுமானதாக இருந்தது. தெரிந்துவிட்டது, அப்பாவிடம் சொல்லிவிடுவாள் என்று நினைத்தாள்.

அண்ணி சொல்லத்தான் செய்தாள். அடக்கம் முடிந்த அன்று, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவளே அதைக் கலைமதியிடம் அழுதுகொண்டே சொன்னாள்.

"மாமா, யானை வந்திருக்காம்னு போன்ல போட்டிருக்காங்கனு சொன்னேன். 'கலை சொன்னிச்சா?'னு கேட்டாரு. மூணு நாலு குரூப்ல அதே வந்து கெடந்திச்சு. பேரப் பாக்காம எல்லாத்தையும் தள்ளிக்கிட்டே போனேன், யாரு எழுதுனதுனு எனக்கு எப்படித் தெரியும்? 'தெரியல மாமா, யாரோ போட்டிருக்காங்க'னேன். 'தெனமும் எதயாச்சும் போட்டுக்கிட்டேதான் இருக்கானுவ'னு சொல்லிட்டுப் படுத்துட்டாரு."

விடிகிற நேரத்தில் சுடலை எப்போதும்போல் முக்குக் கடைக்குச் சாயா குடிக்கக் கிளம்பினார். மூடுபனியில் முன்னால் நிற்பது எதுவும் தெரியாது. லைனுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்த ஒற்றையடிப் பாதையில் அது நின்றிருந்தது. சத்தம் கேட்டு ஆட்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். யானை செடிகளுக்குள் இறங்கிப் போய்விட்டது. சுடலைக்கு உயிர் இல்லை.

அன்றைக்குச் சாயந்தரம், பந்தலூர் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு இன்னும் வீட்டுக்கு வரவில்லை. கலைமதி கேபிள் ஆபீசுக்குப் படியேறி வந்தாள். லிங்கசாமி பதறி எழுந்தார்.

"நீ எதுக்கு அம்மணி இங்க வந்தே? ஊட்டுக்குப் போ. நான் கீழ வரியில போட்டுக்கறேன்."

"இல்லண்ணே. எல்லாரோட அப்பனுக்கும் நான் வாசிச்சிருக்கேன்."

லிங்கசாமி கேமராவைப் போட்டார். அவள் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு நீலத் துணிக்கு முன்னால் உட்கார்ந்தாள். சுடலை, ஓய்வுபெற்ற ஃபேக்டரித் தொழிலாளி, இன்று அதிகாலை காலமானார் என்று நேராகப் பார்த்துச் சொன்னாள். எந்த லைன், எப்போது எடுக்கிறார்கள் என்று சொன்னாள். பிறகு யானை நிற்கும் இடத்தைச் சொன்னாள். ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

முடிந்ததும் அவள் எழுந்து போகவில்லை. போன் இருந்த மேசைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எந்த லைன், எத்தனை மணிக்கு என்று கேட்பார்களே. லிங்கசாமியும் எதிரில் உட்கார்ந்தார். கீழே இரும்புக் கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். கடைசி பஸ் ஹாரன் அடித்துப் போயிற்று. போன் அடிக்கவே இல்லை.

"லைன் கட்டாயிருச்சா பாருங்கண்ணே" என்றாள்.

லிங்கசாமி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். வேலை செய்தது. "ஆமா, கட்டாயிருக்குது போல" என்று சொல்லிவிட்டு வைத்தார். அவர் பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததும்தான் காலையிலிருந்து வராத அழுகை வந்தது.

சாவுக்கு ஆட்கள் வராமல் இல்லை. நிறையப் பேர் வந்தார்கள். எல்லோரும் போனில் பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர் கிடந்த இடத்தை யாரோ படமெடுத்துப் போட்டிருந்தார்கள். அது மலையிறங்கிக் கோயம்புத்தூர் வரைக்கும் போயிருந்தது.

தை பிறப்பதற்குள் லிங்கசாமி மலைச்சாரலை நிறுத்தினார். மீதியிருந்த கேபிள் இணைப்புகளை இண்டர்நெட் கொடுக்கிற பையன்களிடம் ஒப்படைத்தார். மேட்டில் நின்ற பழைய டிஷ்ஷை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். காரமடைக்குக் கிளம்பும் அன்று கலைமதியைப் பார்க்க வந்தவர், "ஒடம்பப் பாத்துக்க அம்மணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

வனவிலங்குகளுக்காக வேலை செய்கிற ஓர் அமைப்பிலிருந்து ஒரு பெண் அவளைத் தேடி வந்தாள். யானை வரும்போது எல்லா வீட்டுக்கும் தானாகவே போன் போய் எச்சரிக்கும் ஏற்பாடு செய்திருக்கிறோம், உங்கள் குரல் ஊருக்குத் தெரிந்த குரல், பேசிக் கொடுங்கள் என்றாள். கலைமதிக்கு நெடுநாள் கழித்து நெஞ்சு லேசானது. கூடலூர் போய், ஒரு அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு எஸ்டேட் பெயரையும் தனித்தனியாகச் சொல்லிப் பதிவு செய்து கொடுத்தாள்.

அப்பாவின் திதிக்கு அவள் லைனுக்குப் போயிருந்த அன்று, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணனின் போன் அடித்தது. செல்லக்கண்ணு எச்சில் கையை விலக்கி வைத்து மறுகையால் எடுத்தான். "வணக்கம், இது உங்கள்" என்று கலைமதியின் குரல் தொடங்கியது. அவன் அதற்குள் நிறுத்திவிட்டான்.

"யாருண்ணே?"

"ஏதோ கம்பெனிக்காரன். வெளியூரு நம்பர்லேருந்து தெனமும் இதே தொல்ல."

பெற்ற அப்பனை அந்தப் பாதையில் இழந்தவன். கூடப்பிறந்தவளின் குரலை அடையாளம் தெரிந்துகொள்ள அவனுக்கு ஒரு மூச்சு நேரம்கூடப் பொறுமை இல்லை. அவள் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அண்ணி சாம்பார் ஊற்ற வந்தாள். கலைமதி இலையைப் பார்த்துக்கொண்டு, "வெளிய யானை நிக்கும் போலிருக்கு, யாரும் எறங்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். "நிக்கட்டும்" என்றான் செல்லக்கண்ணு. சில மாதங்களில் அந்த அமைப்பும் கம்ப்யூட்டரே பேசுகிற மாதிரி மாற்றிக்கொண்டது. புதிதாகச் சேர்கிற ஊர்ப் பெயர்களுக்கெல்லாம் ஒவ்வொரு முறையும் அவளைக் கூப்பிட முடியவில்லை என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

கலைமதி இப்போது சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கி அரைக்கிற ஒரு தனியார் ஃபேக்டரியில், பாக்கெட் போடும் பிரிவில் வேலை செய்கிறாள். மெஷின் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. தூள் மூக்கில் ஏறாமல் இருக்க வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்கிறார்கள். நாற்பதைத் தாண்டியாயிற்று. குரல் கொஞ்சம் கம்மிவிட்டது. அதைப் பற்றி அவள் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

சென்ற மாதம் ஒரு நாள் வேலை விட்டு வரும்போது ரோட்டு வளைவில் பெண்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது. முன்னால் யானை நிற்கிறது என்று யாரோ சொன்னார்களாம். இல்லை, அது நேற்று என்று வேறு யாரோ சொன்னார்களாம். ஒருத்தி போனை நோண்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் வயதான பெண் ஒருத்தி கலைமதியின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீ சுடலை மவதானே? டிவில சொல்லுவியே! ஒனக்குத் தெரியும். யானை எங்க நிக்குது?"

கலைமதி முகத்தில் கட்டிய துணியைக் கழற்றினாள். சுஜித்தைத் தெப்பக்காட்டுக்கு மாற்றி நாளாகிவிட்டது. அவளிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

"தெரியாதுக்கா" என்றாள்.

அந்தப் பெண் இன்னும் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள், அவள் வேண்டுமென்றே சொல்ல மறுப்பதைப்போல. தூறல் விழ ஆரம்பித்தது. வீட்டில் பிள்ளை தனியாக இருக்கிறது என்று ஒருத்தி நடக்கத் தொடங்கினாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக அவள் பின்னே நடந்தார்கள். போன் வெளிச்சம் முன்னால் நாலடிக்கு மேல் போகவில்லை. கலைமதியும் அவர்களோடு நடந்தாள்.